சேமிப்பு சாரின் மூத்த பெண்

சேமிப்பு சாருக்கு நாலு வயதில் ஒரு மகள் இருந்தாள். லிஃப்ட் பட்டனை அவள்தான் அழுத்த வேண்டும். வேறு யாராவது அழுத்திவிட்டால் லிஃப்ட் மறுபடி கீழே போய் முதலிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டடமே அதிர அழுவாள். தலை வாரச் சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இரண்டு காலையும் பேண்ட்டின் ஒரே காலுக்குள் விட்டுக்கொண்டு, "ரெடி" என்று வந்து நிற்பாள். அவளிடம் இருந்த ஒரே குறை, அவள் இன்னும் பிறக்கவில்லை என்பதுதான்.

சேமிப்பு சார் என்பது அவனுடைய பெற்றோர் வைத்த பெயரல்ல, ஆஸ்பத்திரி நர்ஸுகள் வைத்தது. தொப்புள்கொடி ரத்தத்தைப் பத்திரப்படுத்தும் தனியார் வங்கி ஒன்றில் அவன் விற்பனையாளன். குழந்தை பிறந்தபின் கொடியில் மிஞ்சி நிற்கும் ரத்தத்தைப் பையில் பிடித்து, உறைய வைத்து, நாளைக்கு அந்தக் குழந்தைக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ பெரிய நோய் ஏதாவது வந்தால் எடுத்துக் கொடுப்பது வங்கியின் தொழில். மகப்பேறு ஆஸ்பத்திரியின் கூடத்தில் காத்திருந்து, கர்ப்பிணிகளையும், அவர்களோடு வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழிக்கும் கணவன்மார்களையும் வளைத்துப் பிடித்து, "சேமிச்சு வையுங்க, சேமிச்சு வையுங்க" என்று தொண்டை வறளச் சொல்வது அவனுடைய தொழில். அதைச் சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது.

மகள் வந்த கதை இப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வக்கீலிடம் மாட்டிக்கொண்டான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வக்கீல் கேட்டார்: "அதெல்லாம் சரி சார், உங்க குழந்தைக்கு நீங்க வச்சிருக்கீங்களா?" எனக்குக் குழந்தை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன் சொல்லியும் இருக்கிறான். சொன்னவுடன் எதிரில் இருப்பவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஐயோ பாவம்" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவப்பட்டவனிடம் யார் சரக்கு வாங்குவார்கள்? போதாக்குறைக்கு அன்று காலையில்தான் மனைவியின் பரிசோதனை முடிவு ஒன்று, எப்போதும் போல, ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. "வச்சிருக்கேன். பொண்ணு," என்று அவன் வாய் சொல்லிவிட்டது. வக்கீல் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

ஒரு தடவை சொன்னதோடு விட்டிருந்தால் பொய். விடவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது. வருடம் திரும்பினால் தவறாமல் அவளுக்கு ஒரு வயது கூட்டினான்; அந்த விஷயத்தில் அவன் நாணயஸ்தன். இது கட்டுக்கதை என்று தெரிந்த ஒரே ஆள் அவனுடைய மேனேஜர். "அப்படியே அந்தப் பொண்ணுக்கு ரத்தத்துல ஒரு பெரிய வியாதி வந்து, நம்ம பையாலதான் பொழைச்சான்னு ஒரு வரி சேத்துக்கய்யா, வியாபாரம் ரெண்டு மடங்காயிடும்," என்று மேனேஜர் எடுத்துச் சொன்னார். அதை மட்டும் அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஜலதோஷத்துக்கு மேல் எதையும் அவன் அவளை அண்ட விடவில்லை.

மற்ற வசனங்களையெல்லாம் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்ப்பவன், மகளைப் பற்றி மட்டும் ஒத்திகை பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், அவளுடைய புதுச் சேட்டை ஒன்று தானாக வந்து நிற்கும். சில நாள் அதைச் சொல்வதற்கு ஆளே கிடைக்காது. அப்போதும் அவன் தனியாகச் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான்.

அவன் மனைவிக்கு நகரப் பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருட்கள் பிரிவில் வேலை. பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன சாமான்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், இவற்றோடு ஒரு பல்செட், ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலோடு ஏறியவன் எப்படி அது இல்லாமல் இறங்கிப் போனான் என்று அவள் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. பொருளைக் கேட்டு வருபவர்களிடம் அவள் எதையும் முதலில் காட்ட மாட்டாள். உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். இத்தனை வருட அனுபவத்தில் அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான்: அடுத்தவன் குடைக்கு ஆசைப்பட்டு வந்தவன் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் சொல்வான். சொந்தக் குடையைத் தொலைத்தவன், "கறுப்பா... இல்ல, கறுநீலமா... இருங்க, தினம் பாத்ததுதான், சொல்ல வரலையே," என்று தடுமாறுவான். தடுமாறுகிறவனிடம்தான் அவள் குடையைக் கொடுப்பாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, டாக்டர்களே சலித்துப்போன பிறகு, அவள் கர்ப்பமானாள். சேமிப்பு சாருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் தன் வங்கியின் வழவழப்பான விளம்பரத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"இது எதுக்குங்க இங்க? என்கிட்டயே விக்கறீங்களா?" என்றாள் அவள்.

"விக்கறதென்ன, நமக்கு இலவசம். ஆபீஸ்லயே குடுக்கறாங்க."

"பெரியாஸ்பத்திரில தானமா வாங்கிக்கறாங்களாம். யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்குப் போகுமாம். குடுத்துடலாம்."

"வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான் இந்த வாய்ப்பு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"இருங்க, மிச்சத்தை நானே சொல்லிடறேன். நீங்க குளிக்கறப்ப கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். மூணாவது பாயின்ட்ல இருமுவீங்க. எடுத்து வச்சவங்கள்ல எத்தனை பேரு திரும்ப வந்து எடுத்தாங்கன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னுதானே அந்த இருமல்?"

சேமிப்பு சார் இருமினான்.

"எப்பவாவது உதவும்னு எடுத்து வச்சது எவ்வளவு கிடக்குன்னு என் ஆபீஸுக்கு வந்து பாருங்க," என்றாள் அவள். "கெடு முடிஞ்சா நாங்களே இல்லாதவங்களுக்கு எடுத்துக் குடுத்துடறோம். அந்தக் குடை அன்னிக்குத்தான் நனையும்."

இந்தப் பக்கம் இவள் என்றால் அந்தப் பக்கம் மேனேஜர். பிள்ளையின் படத்தை விளம்பரத் தாளின் முகப்பில் போட அவர் இடமே ஒதுக்கிவிட்டார். "பொறக்காத பொண்ணை வச்சே இத்தனை பேரைப் பிடிச்சே. பொறந்த பிள்ளை கைல இருந்தா ஊரையே வளைச்சுடலாம்யா!" என்றார். மனைவிக்குத் தானம் செய்ய ஆசை என்று அவன் இழுத்துப் பார்த்தான். மேனேஜர் சிரிப்பதை நிறுத்தினார். "ஓட்டல்காரன் எதிர் ஓட்டல்ல போய்ச் சாப்பிட்டா அவன் கடைல எவன்யா சாப்பிடுவான்? நீ குடுத்த சேதி வெளிய தெரிஞ்ச அன்னைக்கே உனக்கு ஆஸ்பத்திரி வேலை கிடையாது. கிடங்குல போய் டப்பா அடுக்கு." அவன் வீட்டில் "பாக்கலாம்" என்றும் ஆபீஸில் "பாக்கலாம்" என்றும் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினான்.

இதில் இன்னொரு சிக்கல். மனைவி பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தது அவன் தொழில் நடத்தும் அதே ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் பக்கம் என்றாள், டாக்டர் நல்லவர் என்றாள், அவனால் எதையும் மறுக்க முடியவில்லை. வாடிக்கையாளர்களும் நர்ஸுகளும் அவளைப் பிடித்துக்கொண்டு மூத்தவளை விசாரித்தால் என்ன கதி? ஆகவே அவளை எப்போதும் பின்வாசல் வழியாகவே கூட்டிப்போனான். "முன்னாடி ஒரே கூட்டம், உனக்கு மூச்சு முட்டும்," என்பான். மருந்துக் கிடங்கு, துணி வெளுக்கும் இடம், குப்பைத் தொட்டிகள் எல்லாவற்றையும் தாண்டி அவள் மூச்சு முட்டித்தான் டாக்டரிடம் போய்ச் சேருவாள்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் பின்வாசல் பூட்டியிருந்தது. அவளை முன்கூடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனான். திரும்பி வரும்போது பக்கத்து நாற்காலியில் அழகு நிலையம் நடத்துகிற பெண் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் அவனிடம் கையெழுத்துப் போட்டவள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருக்கிறாள். அவனை மனைவியோடு பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் ஏதோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே, ஒரு கையைத் தன் இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் காட்டினாள். நாலு வயதுக் குழந்தை அவ்வளவு உயரம்தான் இருக்கும்.

சேமிப்பு சார் தீயணைப்பு மணியை அடித்துவிடலாமா என்று சுவரைத் தேடினான்.

"அக்கா பிடிகொடுத்தே பேச மாட்டேங்கறாங்களே சார்," என்றாள் அழகு நிலையக்காரி, அவனைக் கண்டதும். "சீப்புன்னா இன்னமும் பயப்படறாளான்னு கேட்டேன். நான் சொன்ன அகலப்பல் சீப்பு வாங்கிக் குடுத்தீங்க இல்ல?"

"வாங்கினார்," என்றாள் மனைவி. "வீட்லதான் இருக்கு."

அவளுக்கு இன்னதென்று புரியாவிட்டாலும், வந்தவன் வாயைத் திறக்கும்வரை தன் கையில் இருப்பதைக் காட்டாத தொழில் பழக்கம். வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வெயிலைப் பற்றிப் பேசினான், டிரைவர் பிரேக் போடும் விதத்தைப் பற்றிப் பேசினான், கடைசியில் வெயிலைப் பற்றியே மறுபடி பேசினான். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரியிலிருந்து அந்தச் சீப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். பாதி வழுக்கை விழுந்தவன் இவ்வளவு பெரிய சீப்பை எதற்கு வாங்கினான் என்று அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. யாரு அவ?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாதவளுக்கு எதுக்குச் சீப்பு?"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். வக்கீலில் தொடங்கி அழகு நிலையம் வரை ஒன்று விடவில்லை. அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே, அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தால் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கும், எந்த எண் பஸ்ஸில் போவான் என்பதுவரை அவள் கணக்குப் போட்டுவிட்டிருந்தாள்.

"பல்லு எப்ப முளைச்சது?" என்று கேட்டாள்.

"ஏழாம் மாசம். கீழ் வரிசைல ரெண்டு."

"ஸ்கூல்ல சேத்தப்போ?"

"மொத நாள் அழல. ரெண்டாம் நாள்தான் அழுதா. மொத நாள் மட்டும்தான் ஸ்கூலுன்னு நினைச்சுட்டாளாம்."

பதில்கள் கடகடவென்று வந்தன. அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. இப்படிப் பதில் சொல்கிற எவனுக்கும் அவள் குடை கொடுத்ததில்லை.

"யாரு ஜாடை?" என்றாள் கடைசியாக.

அவன் வாயைத் திறந்தான். அத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். "நெத்தி... நெத்தி உன்னோடதுதான். மூக்கு வந்து... இரு. தூங்கறப்ப உன்னை மாதிரியே வாயைத் திறந்து வச்சுப்பா. சிரிச்சா... சிரிச்சா எப்படின்னா... தெரியலம்மா. தினம் பாக்கற மாதிரிதான் இருக்கு, சொல்ல வரல."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொய் சொன்னதற்குத் திட்டு விழப்போகிறது என்று அவன் தயாரானான். திட்டு விழுந்தது, ஆனால் அவன் நினைத்த பக்கத்திலிருந்து அல்ல.

"நாலு வருஷமா உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திருக்கா," என்றாள். "ஊர்ல போறவ வர்றவளுக்கெல்லாம் அவளைத் தெரியும். அந்தப் பார்லர்காரிக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேனே, எனக்கு மட்டும் அவளைக் காட்டல இல்ல நீங்க?"

அவனுக்கு இருமல்கூட வரவில்லை. அவளுக்குச் சொன்னால் வலிக்கும் என்றுதான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது முழு உண்மை இல்லை என்று இப்போது அவனுக்கே தெரிந்தது. அந்தச் சிரிப்பை அவன் தனக்கென்றே வைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள் எழுந்து சமைக்கப் போனாள். பிறகு சமையலறையிலிருந்து, முகத்தைக் காட்டாமல், "வேற என்ன பண்ணுவா?" என்று குரல் வந்தது. அவன் வாசற்படியில் நின்று பேண்ட் கதையைச் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபப்பட்டுப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். பிறகு, "அடுத்தது சொல்லுங்க," என்றாள். சாப்பிட்டு முடிக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

கை கழுவிவிட்டு வந்து அவள் கேட்டாள்: "அவளோடதை உங்க பேங்க்ல எடுத்து வச்சிருக்கறதாத்தானே சொல்லிருக்கீங்க?"

"ஆமா. அப்படித்தான் சொல்லிருக்கேன்."

"கூடப்பொறந்ததுக்கும் உதவலாம்னுதானே விக்கறீங்க?"

"பொருந்தினா உதவும்."

"அப்ப வீட்டுக்கு ஒண்ணு ஏற்கனவே இருக்கு. இதைத் தானம் குடுத்துடலாம்."

தொழிலில் எத்தனையோ பேரின் வாயை அடைத்தவன், அன்று தன் சரக்கை வைத்தே தன் வாய் அடைபட்டு நின்றான். ஆனால் அவள் சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னாள்: "ஆனா அந்த நர்ஸுங்ககிட்ட, மத்தவங்ககிட்ட எல்லாம் உண்மையைச் சொல்லிடணும். புள்ளை வர்ற நேரத்துல நமக்கு இந்தப் பொய் வேணாம்." சொல்கிறேன் என்று தலையாட்டினான்.

சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்லிவிடும் முடிவோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போவான். பொய் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள், கிடங்கும் டப்பாவும்தான் என்று பயந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நர்ஸுகள் "பொண்ணு என்ன பண்றா சார்?" என்று கேட்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் எங்கே போவாள்? இந்த ஒரு கூடத்தில்தான் அவள் வளர்ந்தாள். இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

நாளை என்பது ஒரு காலைப்பொழுதில் லேசான வலியோடு வந்து சேர்ந்தது. மனைவியைப் பிரசவ வார்டில் படுக்க வைத்தார்கள். இன்னும் நேரமிருக்கிறது என்றார் டாக்டர். தலைமை நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள், பிறகு சேமிப்பு சாரைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"முதல் பிரசவம்னு போட்டிருக்கே சார்?"

அவன் இருமினான்.

அவன் வாயை மூடிக்கொண்டதால் கதையை வார்டே எழுதி முடித்தது. மூத்த பெண் முதல் சம்சாரத்துக் குழந்தை. பாவம், தாயில்லாத பெண். அதனால்தான் சீப்பைக் கண்டு நடுங்குகிறது, ஆசையாகத் தலைவாரிவிட ஆளில்லை. சார் எவ்வளவு பெரிய மனசுக்காரர், சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மறைத்திருக்கிறார். இவள்தான் ஒரு மாதிரி போலிருக்கிறது, இன்றைக்குக்கூட அந்தக் குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை பார்!

படுக்கை விரிப்பை மாற்ற வந்த ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன் தப்பா நினைக்காதம்மா. மூத்தாளோட பொண்ணுன்னு வேத்துமுகம் காட்டாதே. இதுக்கு எவ்வளவு செய்யறியோ அவ்வளவு அதுக்கும் செய்யணும். இல்லன்னா பாவம் சும்மா விடாது," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்: "அவளுக்கு அம்மா நான்தான்! வேற எவளும் இல்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "இப்படி இருக்கணும் பொம்பளைன்னா," என்று தலைமை நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

வலி தணிந்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பெரியாஸ்பத்திரியின் தானப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மனைவி முன்கூட்டியே போன் செய்து ஏற்பாடு செய்திருந்தாள். வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். "முன்னாடி குழந்தைங்க உண்டா?" என்று கேட்டாள்.

மனைவி சேமிப்பு சாரைப் பார்த்தாள். அதற்குள் தலைமை நர்ஸ் முந்திக்கொண்டாள்: "சாருக்கு ஒரு பொண்ணு இருக்கு, நாலு வயசு. முதல் சம்சாரத்துல. அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும், மத்தபடி நல்ல ஆரோக்கியம்."

"அப்பா வழில கூடப்பொறந்ததுன்னா அதைப் பத்தியும் எழுதணும்," என்றாள் வந்தவள். "ரத்தத்துல ஏதாவது குறை இருந்திருக்கா சார்? சரியா சொல்லுங்க. இங்க ஒண்ணு தப்பாப் போனா வாங்கிக்கற நோயாளிக்குத்தான் ஆபத்து."

பேனா தயாராக இருந்தது. ஒரே வார்த்தை போதும். ஆரோக்கியம் என்று சொன்னால் மானம் தப்பும். அவளும் எழுத்தில் ஏறிவிடுவாள்: பெண், வயது நாலு, குறை எதுவும் இல்லை. முதல் தடவையாக எங்கோ ஓரிடத்தில் அவள் இருப்பதாகப் பதிவாகும். அவனுக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது, நாக்கின் நுனிவரை வந்தது. எதிரே, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய உயிர் அந்தப் பேனாவுக்காகக் காத்திருந்தது. ஜலதோஷத்துக்கு மேல் வராமல் காத்த மகளைக் காட்டி இன்னொருவரின் வியாதியோடு விளையாட அவனுக்கு மனம் வரவில்லை.

"அப்படி ஒரு குழந்தை இல்லம்மா," என்றான்.

"இல்லன்னா?" என்றாள் தலைமை நர்ஸ். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, என்னாச்சு சார்?"

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். பொறக்கவே இல்ல. விக்கறதுக்காக நான் சொன்ன பொய். முதல் சம்சாரமும் கிடையாது. எனக்கு இவ ஒருத்திதான்."

தலைமை நர்ஸ் பக்கத்துக் கட்டிலில், அதில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். "லிஃப்ட் பட்டன்?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பேண்ட்டு?"

"அதுவும் இல்ல சிஸ்டர்."

"என் பொண்ணுக்குச் சின்னதாப் போன கவுன் ரெண்டை அவளுக்குன்னு துவைச்சு மடிச்சு வச்சிருக்கேனே சார்!" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது. "இனிமே இந்த வார்டுல நின்னு சேமிப்பு கீமிப்புன்னு பேசுங்க, அப்ப இருக்கு உங்களுக்கு!" என்று எழுந்து போனாள். விஷயம் மாடிப்படி இறங்கி வெளியே போவதற்குள் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கிடங்கு."

சேமிப்பு சார் சுவரோரமாக நின்றான். வேலை போனது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஒரு குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, நடுக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. மனைவி கையை நீட்டினாள். அவன் போய்ப் பிடித்துக்கொண்டான். அடுத்த வலி வந்தபோது அவன் விரலெலும்பு உடையும் அளவுக்கு அவள் அழுத்தினாள். அவன் விடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். அப்பன் தொழிலுக்கு ஏற்ற தொண்டை என்றார் டாக்டர். கொடியை வெட்டியபின் அதிலிருந்த ரத்தத்தைப் பையில் பிடித்தார்கள். தானப் பிரிவுப் பெண் பையைச் சரிபார்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடுவதைச் சேமிப்பு சார் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான்.

"இது யாருக்கும்மா போகும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அவன் விற்ற பைகளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது.

"இப்ப எப்படி சார் சொல்றது? யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு. பையில இருக்கறது கொஞ்சம்தானே, அதனால பெரியவங்களை விடச் சின்னக் குழந்தைங்களுக்குத்தான் ஜாஸ்தி போகுது."

"எவ்வளவு சின்னக் குழந்தை? நாலு வயசு... பொண்ணு... அப்படியும் இருக்கலாமா?"

அவள் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரியுமே. "ஏன் சார் இருக்கக் கூடாது?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவன் உள்ளே வந்தான். மனைவி பையனை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். "என்ன கேட்டீங்க அவகிட்ட?" என்றாள். "சின்னக் குழந்தைங்களுக்குத்தான் அதிகமா போகுமாம்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்ங்க அவ," என்றாள்.

அதற்குப் பிறகு அவனால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் தலையை வைத்து, பையனையும் மிஞ்சுகிற சத்தத்தில் அழுதான். சத்தம் கேட்டு தலைமை நர்ஸ் ஓடிவந்தாள். "ஆம்பளைப் பிள்ளை பொறந்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று அதட்டினாள்.

"அவர் பொண்ணை நினைச்சு அழறாரு சிஸ்டர்," என்றாள் மனைவி.

தலைமை நர்ஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கும்தான் காலைலேருந்து ஒரு வேலையும் ஓடல," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.